சிந்தாமணியின் தடம்

வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்ய சாஃப்ட்வேர் வாங்குகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பாடப்போவது எத்தனை பேர் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்வேன். நீங்கள் கேட்டது வேறு விஷயம், தெரிகிறது. இங்கிருந்து தொடங்கினால்தான் அதற்குப் போய்ச் சேர முடியும்.

என் பெயர் குருநாதன். உடையார்பாளையத்தில் சொந்த வீடு. அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. பாட்டு எழுதுவேன். முந்திரிக்காடு, ஏரி, சுண்ணாம்புக்கல் லாரி, மாரியம்மன் என்று எல்லாவற்றின் மேலும் எழுதியிருக்கிறேன். மெட்டும் நானே போடுவேன். என் மனைவி சிந்தாமணியும் நானும் சேர்ந்து பாடுவோம். கோயில் விழா, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று இந்தப் பக்கம் எங்களைக் கூப்பிடாத ஊர் குறைவு. எங்களை என்று நான் சொல்கிறேன். கூப்பிடுகிறவர்கள் சிந்தாமணியக்கா கச்சேரி என்பார்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் ஒரு திருவிழா. விழாக் கமிட்டிக் கலைவாணன் மேடை ஓரமாக வந்து என் காதருகே குனிந்தார். “சார், நீங்க கொஞ்சம் டீ சாப்ட்டு வந்துடுங்க. அடுத்த ரெண்டு பாட்ட அக்காவே பாடட்டும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் போய் டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. அந்த இரண்டு பாட்டும் நான் எழுதியவை. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன தை மாதம் சிந்தாமணியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. திருச்சியில் காட்டினோம். தைராய்டு கட்டி, எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். பழைய குரல் அப்படியே திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது.

எங்கள் ஒரே மகள் இலக்கியா கோயம்புத்தூரில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். விஷயத்தைப் போனில் சொன்னேன். “அப்பா, அதுக்குள்ள அம்மா பாட்டு எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி வச்சிடுங்க. எம்புள்ளைக்கி அந்தத் தாலாட்டாவது வேணும்” என்றாள். கைப்பேசியிலேயே எடுத்தால் போதும் என்றும் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பேசி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகப் பிசைந்துவிடும். ஒரு வேலையைச் செய்தால் முறையாகச் செய்யவேண்டும்.

அரியலூரில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டுப் பெரம்பலூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரேம் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். பொறுமையான ஆள். என் பழைய கம்ப்யூட்டர் தாங்குகிற மாதிரி மூன்று வழி சொன்னார். ஒன்று இலவசம், ஆனால் வசதி குறைவு. இன்னொன்று விலை கொஞ்சம்தான், இரண்டு மாதம் சும்மா போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம். மூன்றாவது, பெரிய ஸ்டுடியோக்களில் இருப்பது. அதன் பூட்டை உடைத்த பிரதி தன்னிடம் இருக்கிறது, காசே வேண்டாம் என்றார். திருட்டுச் சரக்கு என் வீட்டு வாசல்படி ஏறியது கிடையாது என்று சொன்னேன். பிரேம் அதற்குப் பிறகு எனக்கு ஸ்டூலை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார்.

நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு மைக் செருகும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். அதில் ஒவ்வொரு குரலும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். ஒருவர் தப்பு இன்னொருவரைக் கெடுக்காது. ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். “அத அமுக்குனா அந்தக் குரல் மட்டும் கேக்காது சார். அழியாது, சும்மா வாய மூடிக்கும்” என்றார்.

பதிமூன்று நாள் பதிவு செய்தோம். உள் அறையில் ஜமுக்காளம் கட்டி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடினோம். பத்துப் பாட்டு. சிந்தாமணி ஒவ்வொன்றையும் ஒரே தடவையில் பாடி முடித்துவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்குச் சில பாட்டுக்குப் பதினைந்து தடவை ஆனது. நான் நுணுக்கம் பார்க்கிறவன். திரையில் அவள் குரல் மலை மலையாகத் தெரிந்தது. என்னுடையது எறும்பு ஊர்ந்த மாதிரி கீழே ஒரு கோடு. சமமாக இருப்பதுதான் நல்ல பதிவுக்கு அழகு என்று படித்திருந்தேன். அவள் தடத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள் அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

முப்பது வருஷமாக நான் எழுதிய பாட்டை அன்றைக்குத்தான் நான் பாடி நானே முழுதாகக் கேட்டேன். உச்சஸ்தாயியில் கொஞ்சம் பிசிறு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. அவள் பாடினால் கேட்கிறவர்கள் குரலோடு போய்விடுவார்கள், வார்த்தை அநாதையாக நிற்கும்.

இலக்கியா ஒன்றிரண்டு பாட்டையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடித்துச் சுத்தமாக அனுப்புகிறேன் என்று சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. குரல்தான், டாக்டர் பயந்தபடி ஆயிற்று. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. காய்ந்த சோளத்தட்டை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மத்தியானம், கழுத்தில் கட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்னங்க, அந்தத் தாலாட்டப் போடுங்களேன். நான் எப்படித்தான் பாடுனேன்னு கேக்கணும்” என்றாள். நாளைக்குப் போடுகிறேன், இப்போது கம்ப்யூட்டர் சூடாக இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் யோசித்தேன். அவசரத்தில் எதையும் செய்கிறவன் இல்லை நான். இதைக் கேட்டால் அவள் அழுவாள். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எல்லாத் துக்கத்துக்கும் வேர். இன்னொன்றும் தோன்றியது. இனி அவள் பாடப்போவதில்லை என்பதால் இந்தப் பத்துப் பாட்டும் நான் சாகும்வரை, செத்த பிறகும், சிந்தாமணி பாட்டு என்றே நிற்கும். பேரப்பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.

ஒவ்வொரு பாட்டாகத் திறந்து அவள் தடத்தை அழித்தேன். ஒவ்வொரு தடவையும், உறுதியாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பத்துத் தடவை கேட்டது. ஆம் என்று பத்துத் தடவை சொன்னேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். தாலாட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். அதை அழிக்கும் முன் ஒரு தடவை கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருந்தாள். அதன் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த இடத்திலெல்லாம் என் குரலையே இரண்டு தடவை, மூன்று தடவை பதிவு செய்து சேர்த்தேன்.

இலக்கியாவிடம் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். அவள் போனிலேயே அழுதாள். ஆனால் விடவில்லை. என்னைக் கேட்காமல் பிரேமிடம் பேசி, வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். அவர் ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “டிஸ்க்குல ஒரு பழுதும் இல்ல சார். ஒண்ணொண்ணா கையாலதான் அழிச்சிருக்கு. அதுக்கு மேல புதுசா நெறையப் பதிவு பண்ணிட்டீங்க, இனிமே மீட்க முடியாது” என்றார்.

சிந்தாமணி கதவோரம் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாசமாக இருக்கிறவளுக்கு இது தெரியவேண்டாம் என்று நினைத்திருப்பாள். பிரேமின் பக்கம் திரும்பி, அந்த உரசல் குரலில், “எம்மவகிட்ட மெசின் கெட்டுப்போச்சுன்னே சொல்லிடுங்க தம்பி” என்றாள். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

நீங்கள் கேட்ட அந்தப் பதிவுகளுக்கு இதுதான் நடந்தது. நான்தான் அழித்தேன், வேறு யாரும் இல்லை. சிந்தாமணி புரிந்துகொண்டாள் என்பதற்கு அவள் பிரேமிடம் சொன்னதே சாட்சி.

ஐந்து மாதம் ஆகிறது. இப்போது பேச்சு நன்றாகத் தெளிந்துவிட்டது. இலக்கியாவோடும் பிறந்திருக்கிற பேரப்பிள்ளையோடும் போனில் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பூவிழியிடம் அரை மணி நேரம் சிரித்துப் பேசுகிறாள். கீரைக்காரியிடம் பேரம்கூடப் பேசுகிறாள். நான் உள்ளே வந்ததும் நிறுத்திக்கொள்கிறாள். சோறு போட்டுவிட்டால் தட்டை நகர்த்திக் காட்டுவாள், அவ்வளவுதான். குரலை ரொம்ப வருத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதை என் விஷயத்தில்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள். எனக்காகத்தான் சேர்த்துவைக்கிறாள் என்று நினைக்கிறேன்.