தொட்டிக்கண்ணை எழுதியவன்

யாராவது என்னிடம் பேனா வாங்கினால் அது திரும்பி வர வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. புகழேந்தியிடம் வாங்கினேன் என்று சொன்னால் போதும். கஞ்சத்தனம் எனக்கு ஆகாது, பேரணாம்பட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நேற்று உங்கள் ஏட்டையா, "காசுக்கோசரம் தானே பண்ணே?" என்று கேட்டார். காசுக்காக இல்லை ஐயா.

வெள்ளைத் தாள் கொடுத்து நிதானமாக எழுதச் சொன்னீர்கள். நிதானமாகத்தான் இருக்கிறேன். எங்கள் தோல் டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் மக்பூல் பாயும் அவர் மருமகன் நயீமும் எப்படிச் செத்தார்கள் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். தொட்டிக்கண்ணைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

டேனரியில் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என்னுடையது. வெளியே ஷூ வியாபாரிகளுக்கு வெப்சைட்டும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மக்பூல் பாய் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். ஒரு நாள் டீக்கடையில் என்னிடம், "தம்பி, உள்ள விஷக் காத்து எவ்ளோ கீதுன்னு மேலயே நின்னு பாக்குற மாதிரி எதுனா பண்ணேன். ஒவ்வொரு வாட்டியும் கல்மா சொல்லிட்டு எறங்க வேண்டியதா இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காற்று கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆள் இறங்குவான், ஏற மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். தொட்டிக்குள் தொங்கும் மீட்டரின் அளவை செல்போனில் காட்டும். குறைவாக இருந்தால் பச்சை, ஏறினால் சிவப்பு. அதற்குத் தொட்டிக்கண் என்று பெயர் வைத்து, ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக் கூடாது என்று லைசென்ஸில் ஒரு வரி இருக்கும்.

முதலில் எழுதியதில் ஒரு தப்பு இருந்தது. மீட்டரின் முனையில் சேறு அடைத்து அளவு வராமல் நின்றுபோனால், திரை கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பச்சை என்றால் பச்சையாகவே நிற்கும். அதை நானேதான் கண்டுபிடித்து, அளவு வராவிட்டால் சிவப்பு எரியும்படி திருத்தினேன். யாரும் கை தட்டவில்லை. தொட்டிக்கண்ணே வேறு பல பேர் இலவசமாக எழுதி வைத்த நிரல்களின் மேல்தான் நின்றது. அவர்கள் பெயரைக் கேட்காதீர்கள், ஞாபகம் இல்லை.

ஹெலன் என்னிடம் தொழில் கற்றவள். ஆம்பூரில் ஷூ சோல் விற்கும் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து ஸ்டார்ட்அப் ஆரம்பித்தாள். அவளும் இன்னொரு பெண்ணும், மூன்றாவது ஆளாக ஏஐ. நான் ஒரு மாதம் கஷ்டப்பட்டுச் செய்யும் வெப்சைட்டை அவள் டீ ஆறுவதற்குள் கொடுத்தாள். என் வியாபாரிகள் ஒவ்வொருவராக அந்த மாடிப்படி ஏறினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் முதலாளி வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்குக் காட்ட அழகாக இருக்க வேண்டும் என்று தொட்டிக்கண்ணை எடுத்துவிட்டு அவள் செய்த புரோகிராமைப் போட்டார். "உன்து பழசாயிடுச்சிப்பா, பேஜார் பண்ணாதே" என்றார்.

ஹெலனைப் பார்க்கப் போனேன். சேர் போட்டு, கடையிலிருந்து சமோசா வரவழைத்தாள். இதைச் செய்ய எவ்வளவு நாள் ஆனது என்று கேட்டேன்.

"நாளா? ஒரு மத்தியானம் தாண்ணா. இன்னா வேணும்னு சொன்னேன், ஏஐ எழுதிக் குடுத்துச்சு. நான் கலரு மாத்துனேன், உருதுல வர்ற மாதிரி பண்ணேன், அவ்ளோதான்." லேப்டாப்பில் நிரலைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "நீங்க ஒரு வாட்டி படிச்சிப் பாருங்கண்ணா. தப்பு எதுனா இருந்தா சொல்லுங்க."

படித்தேன். எல்லாம் சுத்தமாக, வரிசையாக இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் நடுவில் என் பழைய தப்பு இருந்தது. அளவு வராவிட்டால் கடைசி எண்ணையே காட்டும் அதே தப்பு. என் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு, நான் தைத்த கோணல் தையலோடு எதிரே வருவதுபோல் இருந்தது. இது எல்லாரும் செய்யும் தப்புதான் என்று உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு என் கை தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது ஐயா. இப்போதும் இருக்கிறது, குறையவில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமைகளை, கண்களை, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைக் கொடுத்து எழுதிப் போட்டதை ஒரு மெஷின் மென்று தின்றுவிட்டது. தின்றதை இவர்கள் வாரி எடுத்துத் தட்டில் வைத்து, தங்கள் மூளை என்று விற்கிறார்கள். சாப்பிட்ட வீட்டுக்காரன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். சமோசா வாங்கிக் கொடுப்பார்கள்.

தப்பைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அவள் அதையும் ஏஐயிடம் சொல்லியிருப்பாள், அது கண் மூடித் திறப்பதற்குள் திருத்தியிருக்கும். அந்த நிரலில் நான் இருந்தேன் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே அடையாளமும் போயிருக்கும். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நான் எதுவும் செய்யவில்லை. மீட்டரின் முனையைத் துடைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. யாரும் சொல்லிச் செய்ததில்லை, சம்பளமும் இல்லை, தொட்டிக்கண் என்னுடையது என்பதால் செய்தேன். இப்போது அது என்னுடையதில்லை. துடைப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். அதை அவர்கள் அல்லவா துடைக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து திரையில் எண் அசையவில்லை. உயிருள்ள தொட்டியில் எண் சும்மா இருக்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மீட்டர் செத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் தொட்டிக்குள் இருக்கும் பம்ப் அடைத்துக்கொண்டது. மக்பூல் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். வழக்கமாக இறங்குவதற்கு முன் காற்றை ஊதி வெளியேற்றும் மோட்டாரை இழுத்து வருவார்கள். அது கனம். திரை வந்த பிறகு, பச்சை எரிந்தால் மோட்டாரைத் தொடுவதில்லை.

"இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது? சாப்ட்டியா இல்லியா?" என்றார். பிறகு செல்போனைக் காட்டினார். "பச்சை தான் காட்டுது. எறங்கட்டுமா?"

"பச்சைன்னா எறங்கலாம் பாய்" என்றேன்.

நான் நினைத்தது இதுதான். அவருக்குத் தலை சுற்றும், இருமிக்கொண்டு மேலே வந்துவிடுவார். ஏன் பச்சை காட்டியது என்று எல்லாரும் கேட்பார்கள். அப்போது நான் என் பழைய நிரலை எடுத்துக் காட்டி, இதோ பாருங்கள், இது என் தப்பு, இதைத் திருத்தியவனும் நான்தான் என்று சொல்வேன். ஆள் ஏற மாட்டான் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அதை நீங்கள் கோடு போட்டுக் காட்டுவீர்கள். காட்டுங்கள். தெரிந்ததை எல்லாம் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

இறங்கிய பாய் கத்தவில்லை. தண்ணீர் சத்தம்தான் கேட்டது. நயீம் ஓடி வந்து குனிந்து பார்த்தான். "மாமா உழுந்துட்டாரு, கயிறு எடுங்கண்ணா, கயிறு" என்றான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் காத்திருக்காமல் இறங்கினான். இறங்காதே என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அப்போது நான் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பச்சை எண்ணும், அதற்குப் பின்னால் திறந்த தொட்டியும் ஒரே படத்தில் வர வேண்டியிருந்தது. முதல் படத்தில் தொட்டி சரியாக விழாததால் இன்னொன்று எடுத்தேன்.

அந்தப் படத்தை ஹெலனுக்கு அனுப்பினேன். "இந்தத் தப்பு என்னுடையது. இப்போதாவது பெயரைப் போடு" என்று எழுதினேன். ஆம்புலன்ஸ் அப்போது இன்னும் வரவில்லை. அவள் அதை உங்களிடம் கொண்டு வந்து கொடுத்துவிட்டாள். அவள் குணம் அப்படி.

ஆஸ்பத்திரியில் பாயின் மகள் ரஃபத் ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல தானே இருந்தீங்கண்ணா, அதுவே எனக்குக் கொஞ்சம் ஆறுதல்" என்று அழுதாள். ஒரே மத்தியானத்தில் அப்பனும் போய் புருஷனும் போனவள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. ஹெலன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கொன்றேன் என்ற சொல் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். துடைக்காமல் விட்டேன், தெரிந்தே இறங்கச் சொன்னேன், கயிறு கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை நீங்கள் மக்பூல் பாயின் செல்போனை என் முன் வைத்தீர்கள். ஹெலனுடைய புரோகிராமின் பக்கத்தைக் கடைசிவரை கீழே தள்ளிக் காட்டினீர்கள். "தொட்டிக்கண் எழுதி எங்களுக்கு வழிகாட்டிய அண்ணன் ஏ. புகழேந்திக்கு நன்றி" என்று இருந்தது. முதல் நாளிலிருந்தே இது இருக்கிறது, ஹெலன் தன் கையால் எழுதிப் போட்டது, ஒரு தடவைகூட நீ கீழே போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

என் இனிஷியல் 'கே'. அந்த 'ஏ. புகழேந்தி' வேறு யாரோ, ஐயா.