தின்ன உதவாத மிளகாய்

அலங்கார மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விட வேண்டும். நுனியில் ஈரம் ஒட்டினால் விட்டுவிடலாம், ஒட்டாவிட்டால் ஊற்றலாம். என் வீட்டு மொட்டைமாடிக் கண்ணாடி அறையில் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்றுகள் இருக்கின்றன. நான் இங்கே வந்து மூன்று நாள் ஆகிறது. உங்கள் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றை எரிக்கத்தான் போகிறீர்கள் என்று தெரியும். எரிக்கும்வரை அவை செடிகள்தானே.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் அண்ணன் எப்படி இறந்தான் என்று எழுதச் சொன்னீர்கள். கேள்வி கேட்டால் எனக்கு வாய் வராது, எழுதினால் கோர்வையாக வரும் என்பதால்தான் தாள் கேட்டு வாங்கினேன். அண்ணனை 'அவன்' என்றே எழுதுகிறேன். அறுபது வருஷமாக இல்லாத மரியாதையை இன்றைக்குக் கொடுத்தால் எனக்கே பொய்யாகத் தெரியும்.

நான் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். வெள்ளையில் பதினாறு நிறம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து மாலைவரை அந்தப் பதினாறையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரே செடியில் ஊதாவும் வெண்ணெய் நிறமும் ஆரஞ்சும் சிவப்பும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேறு கெட்ட பழக்கமும் இல்லை.

அண்ணன் லாரி ஓட்டியவன். வாயைத் திறந்தால் மூட மாட்டான். ஒருமுறை வந்தபோது என் செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்துவிட்டு, கண்ணில் நீர் வடிய இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். "திங்க உதவாத மிளகாய்க்கு இவ்வளவு சேவையாடா? காரம் இருக்கு, ருசி இல்ல. உன்னை மாதிரியேதான்" என்றான். நானும் சிரித்தேன். அவன் சொன்னால் எனக்குக் கோபம் வராது. அவனைத் தவிர என்னைக் கிண்டல் செய்ய யாரும் இருந்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு செடியின் காய்களில் வெண்ணெய் நிறத்தின் மேல் ஊதாக் கீற்றுகள் ஓடின. தூரிகையால் இழுத்தாலும் அப்படி வராது. அதற்குச் சிங்காரி என்று பெயர் வைத்தேன். விதை எடுத்து மறுவருஷம் நூறு நாற்று போட்டேன். பத்துப் பன்னிரண்டில்தான் கீற்று வந்தது. அந்தப் பன்னிரண்டிலிருந்து மறுபடி விதை, மறுபடி நூறு. மறுபடியும் பத்துப் பன்னிரண்டுதான். ரகம் நிலைக்க எட்டுப் பத்துத் தலைமுறை ஆகும் என்று புத்தகத்தில் இருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நானும் பொறுத்தேன். ஒவ்வொரு வருஷத்து விதையையும் தனித்தனி உறையில் போட்டு, வருஷம் எழுதி, டப்பாவில் வைத்தேன்.

இருபது மாதத்துக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. 'சரி.' பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. "அது அவரா சொல்றது இல்லீங்க. நாக்குல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர். அண்ணி இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் வெளிநாட்டில். சக்கர நாற்காலியோடு அவன் என் வீட்டுக்கு வந்தான். வேறு எங்கே போவான்?

குளிப்பாட்டுவேன். துடைப்பேன். ஊட்டுவேன். தொண்டையில் சிக்கிவிடும் என்பதால் ஒரு கிண்ணம் கூழுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் போனில் கூப்பிடுவாள்.

"அப்பா சாப்பிட்டாரா சித்தப்பா?"

"சாப்பிட்டான்மா."

"எதாவது சொன்னாரா?"

"சரின்னான்."

அதைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டே அழுவாள். ஒருநாள் கேட்டேன்: "ஒரு மாசம் மட்டும் நீ வெச்சுக்க முடியுமாம்மா? எனக்கு இடுப்பு போயிடுச்சு."

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோமே சித்தப்பா. பாக்கறேன்."

பார்க்கிறேன் என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். அவளைக் குற்றம் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் பெயர் எழுதிவைத்தேன். எங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். ஒருத்தர் போனால்தான் ஒருத்தர் உள்ளே வர முடியும் என்று அங்கே இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார்.

அண்ணனுக்குக் கண்ணாடி அறை பிடித்துப்போனது. என் வீடே மொட்டைமாடியில்தான் இருப்பதால் படி ஏறும் வேலை இல்லை. இடக்கையால் சக்கரத்தைத் தள்ளி, இடக்காலால் உந்தி, எப்படியோ கோணல்மாணலாக உள்ளே வந்துவிடுவான். இலையை விரலுக்கிடையில் வைத்து உருட்டுவான், காயைத் தடவுவான். அந்த ஆளுக்கு அவ்வளவு மென்மையான கை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

ஆறு மாதத்தில் இலைகளில் வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக விழுந்தன. நுனிகள் சுருண்டன. நாற்பது செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டி எறிந்தேன். புத்தகத்தைப் புரட்டினேன். புகையிலையிலிருந்து வரும் நச்சுயிரி, சிகரெட் பிடிப்பவர் கைவழியாக மிளகாய்க்குத் தொற்றும் என்று இருந்தது. அண்ணன் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதியவன். என் வீட்டில் சாயங்காலம் ஒன்றே ஒன்று. டாக்டர் கூடாது என்றார். கொடுக்காவிட்டால் குழந்தை மாதிரி அழுவான், என்ன செய்ய? ஒரு கையால் தீக்குச்சி உரச வராது என்பதால் நான்தான் வாயில் வைத்து, ஒரு இழுப்பு இழுத்துப் பற்றவைத்துக் கொடுப்பேன். அதைப் புகைப்பது என்று சொல்ல முடியாது.

கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்து அதில் கை கழுவினால் அந்த நச்சுயிரி அடங்கும் என்றும் இருந்தது. தினமும் காலையும் மாலையும் அண்ணனின் கையைப் பாலில் கழுவினேன். நகக்கண்ணுக்குப் பல் துலக்கும் பிரஷ் போட்டேன். சில நாள் ரத்தம் வந்தது. கையுறை மாட்டினேன்; பல்லால் கழற்றினான். கதவைப் பூட்டினேன், வெளியே உட்கார்ந்து கண்ணாடியை அடித்தான். கடைசியில் கையை நாற்காலியோடு கட்டினேன். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "கட்டட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். 'சரி' என்றான். கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை.

போன மாதம் ஒரு விதை நிறுவனம் சிங்காரியைப் பார்க்க நிபுணரை அனுப்புவதாக எழுதியது. அவர் வரும் நாள் சனிக்கிழமை. செடிகள் நலமாக இருக்கின்றன என்று ஆய்வகச் சான்று வேண்டும் என்றார்கள். இலையும், எட்டு வருஷத்து விதை உறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமும் அனுப்பிவைத்தேன். பழைய செடிகளை எல்லாம் அழித்துவிட்டு, தனியாக வளர்த்த புது நாற்றுகளைச் சுத்தமான தொட்டிகளுக்கு மாற்ற முடிவு செய்தேன். புதன்கிழமை விடியற்காலையில் கண்ணாடி, மேசை, தரை எல்லாவற்றையும் பிளீச்சிங் தூள் போட்டுக் கழுவினேன். கையைப் பாலில் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டால், வேலை முடியும்வரை கதவைத் திறக்கக்கூடாது.

அவனை வீட்டுக்குள் விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். போன மாதம் அப்படி விட்டபோது நாற்காலியிலிருந்து விழுந்து ஒரு மணி நேரம் தரையில் கிடந்தான். அதனால் என் கண்ணில் படும்படி மாடியில் வைத்தேன். பெரிய குடையை விரித்துக் கட்டினேன். தண்ணீர்ப் புட்டியை மடியில் வைத்தேன். கையைக் கட்டவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்க பிரேக்கை மட்டும் போட்டேன். வலப்பக்கத்துக்கு அவன் கை எட்டாது.

"கொஞ்ச நேரம் இங்கயே இரு அண்ணா. முடிச்சிட்டு வந்துடறேன், சரியா?"

"சரி" என்றான். அப்போது மணி பதினொன்று.

பன்னிரண்டரைக்கு நிழல் நகர்ந்துவிட்டது. குடை அசையவில்லை, சூரியன்தான் அசைந்தது. அவன் இடக்கையால் சக்கரத்தைத் தள்ளினான். ஒரு பக்கம் பிரேக் இருந்தால் நாற்காலி முன்னால் போகாது, வட்டமடிக்கும். தரையில் இருக்கும் அரைவட்டக் கோடுகள் என்ன என்று உங்கள் ஆள் கேட்டாரே, அவை அதுதான். புட்டியின் மூடி இறுக்கமாக இருந்ததாகச் சொன்னீர்கள். ஒரு கையால் அதைத் திறக்க முடியாது. அது எனக்குத் தெரியும். இருபது மாதமாக நான்தானே திறந்து கொடுத்தேன்.

கீழ்வீட்டு அம்மா உங்களிடம் சொன்னது உண்மைதான். மத்தியானம் முழுக்க 'சரி, சரி' என்று சத்தம் கேட்டதாம். அண்ணனும் தம்பியும் ஏதோ பேசி ஒத்துப்போகிறார்கள் என்று நினைத்தாராம். பாவம், அவர் என்ன செய்வார்? எனக்கும் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்க்கவும் பார்த்தேன். கதவைத் திறந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். நாற்றுகளின் வேர் வெளியே இருந்தது, காய்ந்துவிடும். இன்னும் பத்துத் தொட்டி, இன்னும் பத்துத் தொட்டி என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு மணிக்கு மேல் சத்தம் குறைந்தது. தூங்குகிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், நினைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான்.

நேற்று ஆய்வகக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினீர்கள். எட்டு உறைகளிலும் அந்த நச்சுயிரி இருக்கிறதாம். முதல் உறை, அண்ணன் என் வீட்டுக்கு வருவதற்கு ஆறு வருஷத்துக்கு முந்தியது. விதைத்தோலிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. காயில் வரும் கீற்று தனி ரகம் இல்லை, நோயின் அடையாளம் என்று இரண்டே வரியில் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ஏன் என்று இப்போது புரிகிறது. நோய்ச் செடியைத் தேடித் தேடிப் பொறுக்கி, எட்டு வருஷம் சீராட்டி வளர்த்திருக்கிறேன். அண்ணன் கையில் ஒன்றும் இல்லை. நான் உரசி உரசிக் கழுவியது சுத்தமான கையை.

கடிதத்தைப் படித்தபின் நான் அழுதேன். அண்ணனுக்காகவா செடிக்காகவா என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

முன்பே தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாயா என்று மட்டும் கேட்டீர்கள். ராத்திரி முழுக்க யோசித்ததில் பதில் வந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

கடைசி நாற்றைத் தொட்டிக்கு மாற்றியபோது மணி மூன்று. மேசையைத் துடைத்தேன், கைக்கரண்டியைக் கழுவி மாட்டினேன். கதவைத் திறக்க அதற்குமேல் எந்தத் தடையும் இல்லை. நாலு மணிக்கும் நாலரைக்கும் இடையில் உயிர் போயிருக்கும் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். அப்படியென்றால் மூன்று மணிக்கு உயிரோடு இருந்திருக்கிறான். திரும்பிப் பார்த்தேன், தலை தொங்கியிருந்தது, விரல் அசைந்தது. நான் முக்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என் சட்டையைப் பிடிக்கவில்லை. யாருக்கும் எதையும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. இருபது மாதத்தில் எனக்கு அப்படி ஒரு மத்தியானம் கிடைத்ததில்லை.

செடிகளுக்காகச் செய்ததுபோல மேலே எழுதிவைத்திருக்கிறேன். எழுதும்போது அதை நானும் நம்பிக்கொண்டுதான் எழுதினேன். அதை அடித்துவிட வேண்டாம் ஐயா. அண்ணன் மகள் வந்து இதைப் படிப்பாள். முதல் பக்கங்களை மட்டும் அவளிடம் கொடுங்கள்.