வாயைப் பார்க்காமல் ஒரு ஒத்திகை

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. "ஏனுங்க, என் வாயைப் பார்க்காதீங்க, ஜன்னலைப் பாருங்க" என்றாள் அவள். இதென்ன பேச்சு என்று காதைக் கொடுத்தேன்.

"எதுக்கு புள்ள?"

"வாயைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகிட்டீங்க. நாளைக்கு ஃபேக்டரி டாக்டரு முதுகுக்குப் பின்னால நின்னு பேசுவாராம். காது கேக்கலைன்னா வேலை இல்லைங்கறாங்க."

"பிரஸ் மிஷின்கிட்ட இத்தனை வருஷம் நின்னா யாருக்குக் கேக்கும்? வீட்டுக்கு வந்தாலும் அது தலைக்குள்ள ஓடிட்டேதான் இருக்கு."

"காதுல பஞ்சு வெச்சுக்கங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"பஞ்சு வெச்சா சூப்பர்வைசர் கூப்பிடறது கேக்காது. அதுக்கு வேற திட்டு."

"என் திட்டு பத்தாதாக்கும். சரி, திரும்புங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, பின்னால் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்கிற குரலில் சொன்னாள்: "வேலை போனாப் போகுதுங்க. நான் இருக்கேன், பயப்படாதீங்க."

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெடி. ஆரம்பி புள்ள."