குறுக்கே வைத்த கால்

பசுமலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "என் காலைத் தாண்டுங்க" என்று ஒரு அம்மாள் சொல்வது காதில் விழுந்தது. பக்கத்தில் அவருடைய கணவர் கைகள் நடுங்க, அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றிருந்தார்.

"டவுன்லயிருந்து இம்புட்டுத் தூரம் நடந்துட்டேன். இப்பப் போயி காலு ஒட்டிக்கிருச்சே."

"நடுக்குவாதம்னா அப்படித்தான் நின்னுரும், குறுக்க ஏதாச்சும் இருந்தா தாண்டிரும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

அம்மாள் தன் காலை அவர் முன்னால் குறுக்கே வைத்தார். அவர் தாண்டிவிட்டார். அதற்குள் பஸ் வந்தது.

"ஏறுங்க, பஸ்லயே போயிருவோம்."

"பேத்திகிட்ட நடந்தே வாரேன்னு சொல்லிருக்கேன்."

"திருப்பரங்குன்றம் வரைக்குமா? மறுபடியும் நின்னுட்டா?"

"ஒன் காலு இருக்குல்ல? கல்யாணம் ஆனதுலயிருந்து ஒன்னையத் தாண்டி ஒண்ணும் செஞ்சதில்ல. இப்பத்தான் டாக்டரே தாண்டச் சொல்லிட்டாரு."

"ஆசையப் பாரு" என்று அம்மாள் சிரித்துவிட்டார்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் மெல்ல நடந்துகொண்டிருந்தார். அம்மாள் அரையடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.