வரிசையில் வைத்துக் கேட்ட கேள்வி

என்னை எக்ஸ்ரே தாத்தா என்றால்தான் தெரியும். வயது அறுபத்தேழு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. மருத்துவமனைக்குப் பின்தெருவில் சலவைக்கடை மாடியில் மகளோடு குடியிருக்கிறேன். எக்ஸ்ரே அறை வாசலில் பத்தொன்பது வருடமாக உதவியாளர்.

படம் எடுக்க வரும் பெண்களைத் தனியே அழைத்து, கர்ப்பமா என்று கேட்டு எழுத வேண்டியது எக்ஸ்ரே எடுக்கும் அம்மாவின் வேலை. கூட்டம் தாங்காமல், ஒரு வருடமாக நானே வரிசையில் வைத்துக் கேட்டு நோட்டில் எழுதுவேன். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். கேட்பதை நான் வேடிக்கையாக்கியிருந்தேன். கால் உடைந்து வந்த பெரியவரிடமும், "மாப்ளே, உமக்கு எத்தனை மாசம்?" என்பேன். வரிசையே சிரிக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பு வலி என்று ஒரு பெண் மாமியாரோடு வந்தார். நான் மாமியாரிடம், "உங்களுக்கு ஏதாவது விசேஷம் உண்டா, சம்பந்தி?" என்றேன். அவர், "ஆமா, உங்க வீட்டுத் தொட்டிலக் கழுவி வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு மருமகளிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்றேன். அவர் மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு சிரித்தார். நான் 'இல்லை' என்று எழுதினேன். அதன் பிறகு இடுப்பில் மூன்று படம் எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, படம் எடுத்த அன்றே அந்த மருமகள் கர்ப்பமாக இருந்தது தெரிந்தது. முன்பு இரண்டு முறை கலைந்ததால், நிச்சயமாகும்வரை வீட்டில் சொல்லாமல் இருந்தாராம். இந்த அளவு கதிரால் பெரும்பாலும் பாதிப்பு வராது, ஆனால் தெரிந்திருந்தால் படத்தைத் தள்ளிப் போட்டிருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு மருத்துவமனை விசாரணையில், அந்தப் பெண் தெளிவாக 'இல்லை' என்று சொன்னதாக நான் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த அவர், "தாத்தா, நான் வாயத் தொறந்தேனா?" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவருடைய கணவர், "பொய் சொல்லிப் புள்ளயக் கெடுத்தவ" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெண் தாய் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லும்படி நான் கேட்கவே இல்லை. இதை அவர் கணவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)