குதிரைக்கு முன் அண்ணனுக்கு

தூசி அடங்க வைக்கோலை நனைத்துப் போட்டால் குதிரை முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாம் நாள் தின்னும். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், பயன்பட்டதாகத்தான் சொல்கிறார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன். என் பெயர் ஜக்கையன். போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் இருபத்தாறு வருடம் சாம்பிள் பார்த்தேன். மூட்டையில் ஒரு கை அள்ளித் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, ஒரு காயைப் பிளந்து விதையைக் கடித்துப் பார்ப்பது என் சோலி. தட்டில் பார்க்காமல் மூட்டையை எடுத்தவன் உருப்பட்டதில்லை. இது மனதில் இருந்தால் மற்றது விளங்கும்.

குரங்கணியில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் அண்ணன் திருப்பதி, மகாராணி. எங்கள் இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. மகாராணி மட்டக்குதிரை. ஜீப்பு ஏறாத மேல்தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் சுமந்துபோய், இறங்கும்போது ஏலக்காய் கொண்டுவருவாள். ஊரில் உள்ள மற்ற குதிரைகள் அவள் கழுத்துமணி முன்னால் கேட்டால்தான் ஏற்றத்தில் கால் வைக்கும்.

போன தை மாதம் அவளுக்கு இழுப்பு வந்தது. ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டாள். மூக்கு விரிந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போனது. அண்ணனுக்கு இருபது வருடமாக இழுப்பு உண்டு. ஆனால் அவரிடம் பார்த்துப் பழகியது, குதிரையிடம் பார்க்கும்போது மிகவும் கஷ்டமாக இருந்தது.

கால்நடை டாக்டர் பொற்கொடி வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதினொரு நாளில் முடிவு வந்தது.

"மூச்சுக்குழாயில பாக்டீரியா இருக்கு. ஆனா இதெல்லாம் நல்லா இருக்குற குதிரைகிட்டயும் இருக்கும். கிருமிதான் காரணமா, பூஞ்சணம் பிடிச்ச வைக்கோல் தூசியான்னு இப்பவே சொல்ல முடியாது. மாத்திரை குடுத்துப் பாப்போம். இடத்தையும் மாத்துங்க."

கொடுத்துப் பார்ப்பது சரி. எடுத்த எடுப்பில் மகாராணிக்கா கொடுத்துப் பார்ப்பது? மொத்த மூட்டையையும் யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. வீட்டில் இன்னொரு இழுப்பு இருந்தது.

குதிரை இருநூற்றைம்பது கிலோ. அண்ணன் ஐம்பது. மாத்திரையை ஐந்தாக உடைத்து ஒரு துண்டுதான் அவருக்குக் கொடுத்தேன். அளவு மீறி நான் எதுவும் செய்யவில்லை.

"டேய் ஜக்கு, எனக்கு வாலு மொளைச்சா நீதேன்டா சீவி விடணும்," என்றார் அண்ணன்.

"மொளைக்கட்டும்ணே. ஈ ஓட்ட ஆகும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் கழித்து நின்றது. ஐந்து நாளில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, இழுப்பு குறையவில்லை. மகாராணி அந்த மாத்திரையிலிருந்து தப்பினாள். கொடுத்தேன், பலன் இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். "அப்ப தூசிதான்," என்றார்.

தூசியையும் பார்த்துவிட நினைத்தேன். மகாராணியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். நடு அறையில் சிமெண்டுத் தளம், இரண்டு ஜன்னல். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினேன், தின்றுவிடுவாள். அண்ணனின் கட்டில் அதுவரை அவளைக் கட்டியிருந்த கொட்டத்துக்குப் போனது. ஐப்பசி மழையில் நனைந்து கறுத்த வைக்கோல் அங்கேதான் கூரைவரை கிடந்தது. இரண்டு பேரையும் நல்ல காற்றில் வைத்துவிட்டால், தூசிதான் காரணம் என்று எப்படித் தெரியும்? ஒருவர் தூசியில் இருந்தாக வேண்டும்.

எதிர்வீட்டு மொக்கம்மாள் தெருவில் நின்று சத்தம் போட்டாள். "ஏப்பா, குதிரை சன்னல்ல எட்டிப் பாக்குது, ஒங்கண்ணன் கொட்டத்துல கெடந்து கனைக்கிறாரு. யாருக்குய்யா கொள்ளு வைக்கிறீக?"

அண்ணனே கொட்டத்துக்குள்ளேயிருந்து பதில் சொன்னார். "ரெண்டு பேருக்குந்தேன் ஆத்தா. எனக்கு அவிச்சது."

அவர் மறுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் மகாராணியின் விலா அடங்கியது. அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். இவ்வளவு சுத்தமான முடிவை நான் என் தொழிலில்கூடப் பார்த்ததில்லை.

"ஜக்கு, நான் வீட்டுக்குள்ள வந்துர்றேன்டா. ஓரமாப் படுத்துக்கிறேன். அவ மிதிச்சாலும் பரவால்ல."

"அவ ஒதுங்கிக் குடுக்கிற ஆளு இல்லண்ணே. இன்னும் நாலு நாளு பொறுங்க."

இழுப்பு கடுமையான நாளில், மனிதர்கள் உறிஞ்சும் இன்ஹேலரையே குதிரைக்கும் அடிக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் மாதம் ஒன்று தருவார்கள். அதைச் சோதிக்க வேண்டியதில்லை. அவர் இருபது வருடம் சோதித்துவிட்டார். கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடியை அறுத்து, விளிம்பில் துணி சுற்றி, மகாராணியின் மூக்குக்கு மூடி செய்தேன். அண்ணனுக்கு இரண்டு அடி, அவளுக்கு எட்டு. எடைப்படி அவளுக்குப் பத்து வர வேண்டும். இந்த இடத்தில் அண்ணனுக்குத்தான் கூடுதல்.

புதன்கிழமை டாக்டர் வந்து அவள் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார். "நல்லாயிட்டா. இனி மருந்து வேணாம்," என்றார். அண்ணன் எங்கே என்று கேட்டார். கொட்டத்தில் சோலியாக இருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை. மூச்சு விடுவது அப்போது அவருக்கு முழுநேரச் சோலி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் எழுந்து வீட்டு வாசலுக்கு வந்தார். இருபதடி தூரம். வெகுநேரம் பிடித்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாக இருந்தது. நான் மகாராணிக்கு மூடியை மாட்டியிருந்தேன். இன்ஹேலரின் முதுகில் மீதி எட்டு என்று காட்டியது. மறுநாள் அவளுக்கு லோடு இருந்தது, குணமான பிறகு முதல் ஏற்றம். அண்ணனுக்கு ஏற வேண்டிய மலை எதுவும் இல்லை. அவர் விரலை நீட்டி என் கையைக் காட்டினார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் எட்டையும் அடித்தேன். மகாராணி தும்மினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, அவளுக்குத் தண்ணீர் காட்டினேன்.

போடியில் மருந்துக்கடையில் கிடைக்குமே என்று கேட்டீர்கள். கிடைக்கும். சனிக்கிழமை லோடு இறக்கியதும் போவதாக இருந்தேன். புதன்கிழமையே டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னாரே என்றும் கேட்டீர்கள். ஆமாம். மகாராணிக்கு அது தேவைப்படவில்லை. அண்ணனைக் கொன்றது நான்தான். ஸ்டேஷன் ஏட்டிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பாசமில்லாமல் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். இன்றுவரை உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுகிறேன். மிச்சத்தை மகாராணி தின்கிறாள்.

அவள் வாயில்லாத ஜீவன், ஐயா. அண்ணனுக்கு வாய் இருந்தது. வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.