மூன்று பேர் வரை

தேநீரில் இரண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறேன், கிறிஸ்துராஜா. உங்கள் அம்மா அப்படித்தான் குடிப்பார். டொரொன்டோவிலிருந்து நேரே வந்து, அம்மாவின் கல்லறை எங்கே என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் இந்த வீடு எப்படி இயங்குகிறது என்று விளங்க வேண்டும்.

தனியாக வாழ முடியாத மூன்று பேரை இங்கே பராமரிக்கிறேன். கவுன்சில் லைசென்ஸும் தருகிறது, கிழமைக்கு ஒரு தொகையும் தருகிறது. மூன்று பேர் வரை இது சின்ன இல்லம். நான்காவது ஆள் வந்தால் பெரிய இல்லம்: தீக்கதவுகள், இரவில் விழித்திருக்க ஓர் ஆள், அகலமான படிக்கட்டு. லண்டன் மோர்டனில் இந்த வீட்டுப் படிக்கட்டைப் பார்த்தீர்கள்தானே. ஆனால் உறவினர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அழகான விதி.

தொண்ணூற்று மூன்றில் நீங்கள் கனடா போகும்போது அம்மாவை என்னிடம் விட்டீர்கள். மாதாமாதம் பணம் அனுப்பினீர்கள். ஏற்கெனவே மூவர் இருந்தார்கள், அதனால் படிவத்தில் அவரை என் பெரியம்மா என்று எழுதினேன். உங்கள் அம்மா சிரித்தார்.

"உனக்குப் பெரியம்மா எண்டா கொம்மாவுக்கு நான் அக்காவெல்லே. அந்த மனுசி ஒத்துக்கொள்ளுமோ?"

சமயம் என்றும் ஒரு கட்டம் இருந்தது. என் பெரியம்மா கத்தோலிக்கராக இருக்க முடியாதே. இந்து என்று எழுதினேன். செபமாலையைத் தலையணைக்கடியில் வைக்கச் சொன்னேன். வைத்தார்.

போன மாசியில், லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு வியாழக்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது. திங்களன்று அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது.

"தம்பி, மூச்சு இழுக்க ஏலாமக் கிடக்கு. டொக்டரிட்டக் காட்டுவமே?"

"வியாழன் மட்டும் பொறுங்கோ, பெரியம்மா."

"நான் பொறுப்பன். நெஞ்சு பொறுக்குமோ எண்டு அதிட்டக் கேள்."

எங்கள் டொக்டர் தமிழர். வெள்ளைக்கார அதிகாரிக்கு உங்கள் அம்மாவிடம் எதையும் கேட்கத் தெரியாது, டொக்டருக்குத் தெரியும். மகன் எங்கே, யார் பணம் கட்டுவது என்று கேட்பார். உங்கள் அம்மாவுக்குப் பொய் வராது. லைசென்ஸ் போனால் மற்ற மூவரையும் ஒரே நாளில் எங்கெங்கோ கொண்டுபோய்விடுவார்கள். நான் மூன்று பேரை யோசித்தேன்.

வியாழனன்று அதிகாரி முன்னறையில் இருந்தபோது மேலே இருமல் கேட்டது. பெரியம்மாவுக்குத் தடிமன் என்றேன். நல்ல குடும்பச் சூழல் என்று எழுதி ஒப்பமிட்டார். அவருடைய கார் முடக்கில் திரும்பும்வரை யன்னலில் நின்றேன். பிறகு அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அப்போது அம்மாவுக்குப் பேச்சில்லை. கை மட்டும் தலையணைக்கடியில் எதையோ தேடியது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆட்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளி காலையில் இறந்தார். உங்களுக்குப் பயணப் பத்திரம் கிடைத்திருக்கவில்லை, தொலைபேசியில் அழுதீர்கள். ஆஸ்பத்திரியும் கவுன்சிலும் ஒரே படிவத்தைத்தான் பார்க்கும், சமயம் உட்பட எல்லாம் ஒத்துப்போக வேண்டும். செத்தவீட்டுக்கு அதிகாரியும் மலர்வளையத்துடன் வந்தார்.

கல்லறை இல்லை, கிறிஸ்துராஜா. எரித்தோம். சாம்பலைத் தேம்ஸில் கரைத்தேன்.

அந்த அறையில் இப்போது யாரும் இல்லை. செபமாலை தலையணைக்கடியிலேயே இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அங்கே இருமல் கேட்கும். நான் மேலே போவதில்லை, சத்தம் நிற்கும்வரை யன்னலில் நிற்பேன்.

குளிரில் வேட்டியுடன் நின்று, தகனசாலையில் பொத்தானை அழுத்தியவன் நான். முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்தேன். பெரியம்மாவுக்குப் பெறாமக்கள் இந்த நாட்டில் இவ்வளவு செய்வதில்லை என்று ஐயரே சொன்னார். ஒரு பிள்ளை செய்ய வேண்டியதில் நான் எதையும் குறைவிடவில்லை.